பையைத் திற!

மனிதன் வைரத்தை விழுங்குவானா?

விழுங்குவான். விழுங்கியிருக்கிறான். விழுங்கிய வைரம் வெளியே வரும்வரை அவனை அறையில் பூட்டி வைத்து, இரவு பகலாகக் காவல் காத்திருக்கிறார்கள்!

தென் ஆப்பிரிக்காவில் கிம்பர்லி என்று ஓர் ஊர். 1871-ம் ஆண்டில் அங்கே ஒரு சிறு குன்றில் வைரம் கிடைத்தது. செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. மண்வெட்டியும் கூடையுமாக ஆயிரக்கணக்கானவர்கள் ஓடி வந்தார்கள். தோண்டினார்கள், தோண்டினார்கள், குன்றே மறைந்து போயிற்று. குன்று இருந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. பள்ளம் பாதாளமாயிற்று. "பெரும் பள்ளம்" என்ற பெயரோடு அது இன்றும் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

தொழிலாளியின் பையை முதலாளி சோதிக்கலாமா, எவ்வளவு தூரம் சோதிக்கலாம் என்ற வழக்கு உலகத்தின் பல மூலைகளில் நடந்திருக்கிறது. அந்த வழக்குகளுக்கெல்லாம் பாட்டன் இந்தப் பள்ளத்தின் கரையில்தான் பிறந்தான்.

கடுகளவு, கோடிப் பணம்

இரும்பைத் திருடினால் தூக்க ஆள் வேண்டும். துணியைத் திருடினால் மறைக்க இடம் வேண்டும். வைரத்துக்கு இரண்டும் வேண்டாம். தலைமுடிக்குள் வைக்கலாம். கால்விரல் இடுக்கில் வைக்கலாம். வாய்க்குள் அடக்கிக்கொள்ளலாம்.

கிம்பர்லியில் இதைச் செய்தவர்கள் உண்டு. வெளியே வாங்கக் காத்திருந்த தரகர்களும் உண்டு. "நாங்கள் தோண்டுகிறோம், தரகன் பணக்காரனாகிறான்" என்று முதலாளிகள் புலம்பினார்கள். கேப் காலனியின் சட்டசபை 1882-ல் ஒரு கடுமையான சட்டம் செய்தது. கையில் பட்டை தீட்டாத வைரம் வைத்திருப்பவன், அது நேர்மையாக வந்தது என்று தானே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் 15 ஆண்டு வரை சிறை. ஜூரிகள் இல்லாத தனிக் கோர்ட்டு. தண்டனை அடைந்தவர்களைக் கேப் டவுன் துறைமுகத்துக்கு அனுப்பிக் கல் சுமக்க வைத்தார்கள்.

அதுவும் போதவில்லை. 1883-ல் சுரங்க வாசலில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. மானேஜருக்குக் கீழே உள்ள எல்லோரும் வெளியே வரும்போது சாவடிக்குள் போக வேண்டும். உடையைக் களைய வேண்டும். வாயைத் திற என்றால் திறக்க வேண்டும்.

கறுப்பர்களுக்கு இது நடந்தபோது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வெள்ளைக்கார மேஸ்திரிகளுக்கும் அதே சட்டம் என்றதும் ஊர் கொதித்தது! "எங்களையா திருடன் என்கிறாய்? எங்களையா கறுப்பனோடு வரிசையில் நிறுத்துகிறாய்?" என்றார்கள். அந்த ரோஷத்தில் பாதி மானத்துக்காக. மறு பாதி தோலின் நிறத்துக்காக.

1883 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் கொஞ்சம் இறங்கி வந்தன. ஆனால் மறு ஆண்டே பழைய உத்தரவு திரும்பியது. 1884 ஏப்ரலில் மறுபடியும் வேலைநிறுத்தம். சுரங்க யந்திரங்களை நிறுத்தப் புறப்பட்ட கூட்டத்தின் மீது துப்பாக்கிகள் சுட்டன. வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் 6 பேர் செத்தார்கள்.

சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றதற்கு 6 உயிர்! அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்களை நிர்வாணமாக நிறுத்திச் சோதிக்கும் எண்ணத்தைக் கம்பெனிகள் கைவிட்டன.

கறுப்பர்களின் கதை என்ன ஆயிற்று? அவர்களை விடவில்லை. அவர்களுக்கு இன்னும் பெரிதாக ஒரு ஏற்பாடு வந்தது.

கம்பி வலைக்குள் ஆறு மாதம்

1885 முதல் கிம்பர்லியில் "காம்பவுண்டு" முறை வந்தது. உயர்ந்த மதில். மதிலுக்குள் கொட்டகைகள். கறுப்புத் தொழிலாளி வேலைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், ஒப்பந்தம் முடியும்வரை வெளியே வர முடியாது. மாதக்கணக்கில் உள்ளேயே வாசம். சாமான் வாங்கும் கடையும் உள்ளேதான். கடையும் கம்பெனியுடையதுதான். வைரத்தைத் தகர டப்பாவில் போட்டு மதிலுக்கு வெளியே எறிந்துவிடப் போகிறான் என்று, திறந்த வெளிக்கு மேலே கம்பி வலை விரித்தார்கள். ஆகாயத்துக்கே வலை!

ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் புறப்படும் சமயம்தான் கொடுமையின் உச்சம். புறப்படுகிறவனின் துணியை வாங்கிக்கொண்டு ஒரு போர்வையைக் கொடுப்பார்கள். தனி அறையில் பல நாள் அடைத்து வைப்பார்கள். விரல்களை உபயோகிக்க முடியாதபடி கைகளில் தோல் உறை மாட்டிப் பூட்டுவார்கள். பேதி மருந்தும் உண்டு. அவனுடைய மலத்தை அலசிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு விடுவார்கள். அவன் திருடினான் என்று யாரும் புகார் செய்ததில்லை. ஊருக்குப் போகிறான், அவ்வளவுதான் அவன் மீது குற்றம்.

1888-ல் சுரங்கங்களை ஒன்றாகச் சேர்த்து "டி பீர்ஸ்" என்ற பெரிய கம்பெனியை உண்டாக்கினார் செசில் ரோட்ஸ். அவருடைய செல்வாக்கும் காம்பவுண்டு முறையும் கூடவே வளர்ந்தன. பின்னாளில் தென் ஆப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களிலும் தொழிலாளரை மதிலுக்குள் வைக்கும் வழக்கம் பரவியது. தங்கத் தாதுவை யாரும் விழுங்க முடியாது! இருந்தாலும் மதில் வேண்டியிருந்தது. ஆள் ஓடிவிடாமல் இருக்க மதில் உதவியது. கூலி உயர்வு கேட்கிறவனை அடக்கவும் உதவியது. திருட்டைத் தடுக்கக் கட்டிய சுவர், திருட்டே இல்லாத இடத்திலும் முதலாளிக்குப் பயன்பட்டது. சோதனை என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிற்காலத்தில் பேதி மருந்து போய், எக்ஸ்ரே வந்தது. அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் உடம்புக்குக் கெடுதல். ஆகவே மிகக் குறைந்த கதிரில் தலை முதல் கால் வரை படம் பிடிக்கும் யந்திரம் ஒன்றை டி பீர்ஸ் உண்டாக்கியது. அங்கேதான் ஒரு வேடிக்கை. "இவ்வளவு சீக்கிரம் முழு உடம்பையும் படம் எடுக்கிறதே, விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு இது உதவுமே" என்று டாக்டர்களுக்குத் தோன்றியது. கேப் டவுன் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். 13 விநாடியில் முழுப் படம்! "லோடாக்ஸ்" என்ற பெயரில் அந்த யந்திரம் பிற நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போயிற்று. தொழிலாளியைச் சந்தேகப்பட்டுப் பிறந்த யந்திரம் உயிர்களைக் காப்பாற்றப் போயிற்று.

ஆனாலும் கெட்டிக்காரர்கள் ஓயவில்லை. கடற்கரை வைர வயல்களில் புறாவின் மேல் வைரத்தைக் கட்டிப் பறக்கவிட்டவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். புறாவுக்கு எந்த வாசல்?

நம் நாட்டு வாசல்

மில் வாசலில் டிபன் காரியரைத் திறந்து காட்டிவிட்டுப் போவது நம்மவர்களுக்குப் புதிது அல்ல. கைகளை விரித்து நிற்பதும், காவல்காரர் இடுப்பைத் தடவிப் பார்ப்பதும் பழக்கமாகிப் போனவை.

இந்த வழக்கம் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1946-ல், தொழிற்சாலை நிலை ஆணைகள் சட்டம் வந்தது. வேலை நேரம் என்ன, விடுமுறை எப்படி, தண்டனை எப்படி என்பதையெல்லாம் முதலாளி எழுதி, அதிகாரியிடம் ஒப்புதல் பெற்று, தொழிலாளர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்ற பட்டியலில் 6-வது இனம் இது: குறிப்பிட்ட வாசல் வழியாகவே வர வேண்டும் என்ற நிபந்தனையும், சோதனைக்கு உட்பட வேண்டிய கடமையும்.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. சோதனை போடும் உரிமையைச் சட்டம் சாதாரண விஷயமாக ஏற்றுக்கொண்டது. அது தொழிலாளிக்குப் பாதகம். ஆனால் "என் இஷ்டம், இன்றைக்கு உன்னை மட்டும் சோதிப்பேன்" என்று காவல்காரர் சொல்வதற்குப் பதிலாக, விதியை எழுத்தில் கொண்டுவந்தது. எழுத்தில் இருப்பதை எதிர்த்து வாதாடலாம். வாய்ச்சொல்லை எதிர்த்து என்ன வாதாடுவது?

எழுத்தில் இருந்தாலும் வரம்பு மீறல் நடக்கிறது. 2014 டிசம்பரில் கொச்சியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பெண்களுக்கு நேர்ந்ததைக் கேரளம் மறக்கவில்லை. கழிப்பறையில் மாதவிலக்குத் துணி கிடந்ததாம். போட்டது யார் என்று கண்டுபிடிக்கப் பெண் தொழிலாளர்களின் ஆடையை அகற்றிச் சோதித்தார்கள் என்று புகார் எழுந்தது. இங்கே வைரமும் இல்லை, தங்கமும் இல்லை. காணாமற்போன பொருள் என்று எதுவுமே இல்லை! ஊர் கொதித்தது. எதிர்ப்பைக் காட்டக் கம்பெனி அதிகாரிக்குத் தபாலில் நாப்கின் அனுப்பும் இயக்கமே நடந்தது.

1970-ல் ஓர் இத்தாலியச் சட்டம்

சோதனையை ஒழிக்காமல், ஆனால் அதன் பல்லைப் பிடுங்கிய நாடு ஒன்று உண்டு. அது இத்தாலி.

1969-ன் பிற்பகுதியில் இத்தாலியத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தங்கள் அலை அலையாக எழுந்தன. 1970 மே 20-ந் தேதி "தொழிலாளர் சாசனம்" என்று அழைக்கப்படும் சட்டம் பிறந்தது. அதன் 6-வது பிரிவு சோதனையைப் பற்றியது. (நம் பட்டியலிலும் 6, அங்கேயும் 6. எண்ணில்தான் ஒற்றுமை!)

அந்தப் பிரிவு "சோதிக்கலாம்" என்று ஆரம்பிக்கவில்லை. "சோதிக்கக் கூடாது" என்று ஆரம்பிக்கிறது. பிறகுதான் விலக்கு. வேலைக் கருவியோ, மூலப் பொருளோ, செய்த சரக்கோ எளிதில் களவு போகக்கூடியதாக இருந்து, சொத்தைக் காக்க வேறு வழியே இல்லை என்றால் சோதிக்கலாம். அதையும் வேலை முடிந்து வெளியே போகும் வாசலில் வைத்துத்தான் செய்ய வேண்டும். தொழிலாளியின் மானமும் மறைவும் கெடக் கூடாது. முறையைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமான நிபந்தனை இன்னொன்று. யாரைச் சோதிப்பது என்பதை மேஸ்திரி தீர்மானிக்கக் கூடாது. தானாகத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று தீர்மானிக்க வேண்டும்! சீட்டு விழுந்தால் யாருக்கும் விழும். சங்கத்தில் சேர்ந்தவன் மீது வன்மம் தீர்க்க முடியாது. பிடிக்காத பெண்ணைத் தினந்தோறும் நிறுத்தி வைக்க முடியாது. வாசல் சோதனையில் மனிதனுக்கு வலிப்பது, "என்னை மட்டும் ஏன்?" என்ற கேள்விதான். அந்தக் கேள்வியையே இத்தாலியர்கள் எடுத்துவிட்டார்கள்.

ஒரு பூட்டின் கதை

அமெரிக்காவில் இப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. அங்கே ஒவ்வொரு வரம்பும் கோர்ட்டுப் படி ஏறித்தான் கிடைத்தது. சில சமயம் கிடைக்காமலும் போயிற்று.

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கே-மார்ட் கடை. அங்கே காலுறை விற்கும் பகுதியில் ஒரு பெண் வேலை பார்த்தார். சிப்பந்திகள் சாமான் வைத்துக்கொள்ளக் கடை அலமாரி கொடுத்திருந்தது. கடையின் பூட்டைக் கேட்டு வாங்கலாம். சொந்தப் பூட்டும் போடலாம். அந்தப் பெண் சொந்தப் பூட்டுப் போட்டிருந்தார். மாற்றுச் சாவி கொடு என்று கடை கேட்கவில்லை.

1981-ல் ஒரு நாள் இடைவேளையில் வந்து பார்க்கிறார், பூட்டு திறந்து தொங்குகிறது! உள்ளே இருந்த கைப்பை கலைந்து கிடக்கிறது.

கடையில் ஒரு கைக்கடிகாரம் களவு போயிருக்கலாம் என்று சந்தேகமாம். அதனால் மானேஜர் அலமாரிகளைச் சோதித்தாராம். பெண் வழக்குப் போட்டார். ஜூரிகள் அவர் பக்கம் பேசினார்கள். 8,000 டாலர் நஷ்டஈடு. கம்பெனிக்குப் புத்தி வர மேலும் 1,00,000 டாலர்!

1984-ல் அப்பீல் கோர்ட்டு இதை ரத்துச் செய்தது. ஜூரிகளுக்குச் சட்டத்தை எடுத்துச் சொன்னதில் குறை இருக்கிறது, மறுபடியும் விசாரியுங்கள் என்றது. பணம் நின்றுவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் அப்பீல் கோர்ட்டு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. அலமாரி கம்பெனியுடையதாக இருக்கலாம். ஆனால் கம்பெனிக்குத் தெரிந்தே தொழிலாளி தன் சொந்தப் பூட்டைப் போட்டால், உள்ளே இருப்பது தனக்கு மட்டும் என்று நினைக்க அவருக்கு உரிமை உண்டு. சில டாலர் பெறும் ஒரு பூட்டுக்கு அவ்வளவு மதிப்பு!

வாழ்த்து அட்டையும் கவிதைப் புத்தகமும்

கலிபோர்னியாவில் நாப்பா என்ற ஊரில் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அங்கே மக்னோ ஆர்ட்டேகா என்ற டாக்டர் 17 ஆண்டு வேலை பார்த்தார். இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

1981-ல் அவர் மீது சில புகார்கள் வந்தன. பயிற்சிக்கென்று ஓர் ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கினாரே, அதற்கான பணத்தை இளம் டாக்டர்களிடம் வற்புறுத்தி வசூலித்தாரா என்பது புகார்களில் ஒன்று. அவரை லீவில் இருக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாது என்றார்கள். அவர் இல்லாத சமயம் பார்த்து அவருடைய அறைக்குள் நுழைந்தார்கள்.

மேசை இழுப்பறைகளைத் திறந்தார்கள். பீரோவைத் திறந்தார்கள். அரசாங்கத்தின் காகிதம் எது, டாக்டரின் காகிதம் எது என்று பிரிக்கவில்லை. எடுத்துப் போன சாமான்களில் ஒரு காதலர் தின வாழ்த்து அட்டை, ஒரு போட்டோ, ஒரு கவிதைப் புத்தகம். மூன்றும் முன்பு அங்கே பயிற்சி பெற்ற ஒரு டாக்டர் அவருக்கு அனுப்பியவை. கம்ப்யூட்டருக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் பிறகு தெரிந்தது. வேலை நீக்க விசாரணையில் அந்த டாக்டர் ஆர்ட்டேகாவுக்காகச் சாட்சி சொன்னபோது, அவருடைய சாட்சியம் நம்பத் தக்கதல்ல என்று காட்ட இந்தச் சாமான்களை நீட்டினார்கள்.

"அரசாங்கச் சொத்தைக் கணக்கெடுத்தோம்" என்று ஆஸ்பத்திரி சொன்னது. வேலையை விட்டுப் போனவர் அறையில்தான் கணக்கெடுப்பது வழக்கம். ஆர்ட்டேகா அப்போது வேலையில்தான் இருந்தார், லீவில் இருந்தார்.

வழக்கு வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரித் தலைவரின் பெயர் ஓ'கானர். தீர்ப்பை எழுதிய நீதிபதியின் பெயரும் ஓ'கானர்! அந்த நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி. இருவருக்கும் உறவு ஒன்றும் இல்லை.

1987 மார்ச் 31-ந் தேதி தீர்ப்பு. தன் மேசையும் பீரோவும் தனக்கு அந்தரங்கமானவை என்று நினைக்க ஆர்ட்டேகாவுக்கு நியாயம் உண்டு என்பதில் 9 நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். அடுத்த கேள்வியில்தான் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் ஒரு பக்கம். அரசாங்க ஊழியரின் அறையைச் சோதிக்கப் போலீசாரைப் போல வாரண்டு வேண்டுமா? வேண்டியதில்லை என்றது பெரும்பான்மை. சோதிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும், சோதனை அந்தக் காரணத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது, அது போதும் என்றது. நாப்பாவில் நடந்தது நியாயமா இல்லையா என்று விசாரிக்க வழக்கைக் கீழே அனுப்பிவிட்டது.

"வாரண்டு வேண்டாம்" என்ற தீர்ப்பைக் கேட்டு அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் டாக்டர் விடுகிற ஆளாக இல்லை. வழக்கு இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் ஜூரிகள் அவருக்கு 3,76,000 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் 35,000 டாலரும், அறையைச் சோதித்த அதிகாரி 25,000 டாலரும் தண்டமாகத் தனியே கொடுக்க வேண்டும் என்றார்கள். 1998-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. வேலை பார்த்தது 17 ஆண்டு. வழக்காடியதும் 17 ஆண்டு!

இந்தப் பாதுகாப்பு அரசாங்க ஊழியருக்குத்தான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் சோதனைத் தடை அரசாங்கத்தின் கையை மட்டுமே கட்டும். தனியார் கம்பெனி வாசலில் நிற்பவர் வேறு கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவு பணக் கணக்கின் பக்கம் திறந்தது.

தினம் 25 நிமிஷம்

நெவாடா மாநிலத்தில் அமேசானின் பெரிய கிடங்குகள் இருக்கின்றன. தட்டிலிருந்து சாமானை எடுத்துப் பெட்டியில் கட்டி அனுப்பும் வேலை. ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியது இன்டெக்ரிட்டி என்ற கம்பெனி. "நேர்மை" என்று அதற்கு அர்த்தம்!

வேலை முடிந்ததும் சோதனை வரிசை. பெல்ட்டைக் கழற்று, பர்ஸை எடு, சாவியை எடு, யந்திரத்துக்குள் நட. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் வெளியே வந்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்? தினம் ஏறத்தாழ 25 நிமிஷம் நின்றோம், அதற்குச் சம்பளம் இல்லை என்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 2 மணிக்கு மேல் ஆகிறது. ஆண்டுக்கு 100 மணி நேரம்! அதிகமாகக் காவலர்களைப் போட்டிருந்தால் வரிசை குறைந்திருக்கும். கம்பெனி ஏன் போடவில்லை? நிற்கும் நேரத்துக்குக் கம்பெனி காசு கொடுக்கவில்லையே!

2014 டிசம்பர் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகத் தொழிலாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். தொழிலாளி வந்தது சாமான் எடுத்துக் கட்டுவதற்கு. சோதனைக்கு நிற்பது அந்த வேலையின் பிரிக்க முடியாத அங்கம் அல்ல. சோதனை இல்லாமலே சாமான் கட்டலாம் அல்லவா? ஆகவே கூலி கிடையாது.

இந்தத் தீர்ப்பின் வேர் 1947-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. அதற்கு முந்தின ஆண்டு, ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை வழக்கில், வாசலிலிருந்து வேலை மேசைவரை நடக்கும் நேரமும் வேலை நேரமே என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. நாடெங்கும் தொழிலாளர்கள் பாக்கிக் கூலி கேட்டு வழக்குகளைக் குவித்தார்கள். முதலாளிகள் பதறினார்கள். பார்லிமென்டு அவசரமாகச் சட்டம் செய்து அந்த வாசலை அடைத்தது. அப்போது அடைத்த வாசலில்தான் 67 ஆண்டுகளுக்குப் பிறகு நெவாடாத் தொழிலாளி முட்டிக்கொண்டார்.

செல்போன் விற்பவரின் செல்போன்

மறுபடியும் கலிபோர்னியா. மறுபடியும் ஆப்பிள். இந்தத் தடவை வாங்கிய கம்ப்யூட்டர் அல்ல, விற்கும் கம்பெனி.

ஆப்பிள் கடைகளில் ஒரு விதி இருந்தது. மானேஜர் உட்பட யாராக இருந்தாலும் கடையை விட்டுப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். கையில் உள்ள ஆப்பிள் செல்போனையும் காட்ட வேண்டும். அது சொந்தப் போனா, கடைச் சரக்கா என்று சரிபார்ப்பார்கள். மறுத்தால் வேலை போகலாம்.

சோதனைக்கு நிற்பதற்கு முன்னால் வேலை முடிந்ததாகப் பதிந்துவிட வேண்டும். அதாவது கடிகாரம் நின்றுவிடும், ஆள் மட்டும் நிற்பார்! சோதிக்க மானேஜரோ காவலரோ வர வேண்டும். அவருக்கு வாடிக்கைக்காரர் கூட்டம். சாதாரண நாளில் 5 முதல் 20 நிமிஷம், கூட்ட நாளில் 45 நிமிஷம் வரை என்று சிப்பந்திகள் கணக்குச் சொன்னார்கள்.

பணத்தைவிட அவமானம் அவர்களை அதிகம் சுட்டது. வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையைக் கிளறுகிறார்கள், எங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துகிறார்கள் என்று கம்பெனித் தலைவர் டிம் குக்குக்கே எழுதினார்கள். இது உண்மையா என்று கேட்டு அவர் அந்தக் கடிதத்தைக் கீழ் அதிகாரிகளுக்கு அனுப்பினார் என்பது வழக்கின்போது வெளிவந்தது.

2013-ல் வழக்கு. 2015-ல் முதல் கோர்ட்டில் தோல்வி. "பை கொண்டுவா என்று யார் சொன்னது? போன் கொண்டுவா என்று யார் சொன்னது? கொண்டுவராவிட்டால் சோதனையும் இல்லை" என்பது கம்பெனி வாதம். கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது.

கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு 2020 பிப்ரவரி 13-ந் தேதி அந்த வாதத்தை ஏகமனதாகத் தள்ளியது. பை இல்லாமல் வேலைக்கு வருவது எல்லோராலும் ஆகாது என்று சொன்னது. போன் விஷயத்தில் கோர்ட்டு ஒரு குத்தும் குத்தியது. எங்கள் போன் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது என்று கம்பெனித் தலைவரே பேட்டி கொடுத்திருந்தார். ஊருக்கெல்லாம் போன் இல்லாமல் முடியாது. உன் சிப்பந்திக்கு மட்டும் அது தேவையில்லாத சௌகரியமா?

கலிபோர்னியாவின் கூலிச் சட்டத்தில், முதலாளியின் பிடியில் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். பூட்டிய கதவுக்குப் பின்னால் மானேஜருக்காகக் காத்து நிற்பவர் யாருடைய பிடியில் இருக்கிறார்? கூலி கொடு என்றது கோர்ட்டு.

சோதனை தப்பு என்று கோர்ட்டு சொல்லவில்லை. சோதித்துக்கொள், ஆனால் உன் காசில் சோதித்துக்கொள் என்றது. காசு என்றதும் வரிசை தானாகக் குறையும் என்பது கடைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கம்பெனி ஏறத்தாழ 3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2022-ல் அதற்குக் கோர்ட்டின் ஒப்புதல் கிடைத்தது. 2009 முதல் 2015 வரை கலிபோர்னியாவின் ஆப்பிள் கடைகளில் வேலை பார்த்த சுமார் 15,000 பேருக்கு, வக்கீல் கட்டணம் போக மீதியைப் பங்கிட வேண்டியிருந்தது. தீர்ப்பு கலிபோர்னியாவின் எல்லைக்குள் மட்டும் செல்லும். எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் கால் வைத்தால், பை சோதனைக்கு நிற்கும் நேரத்தின் கணக்கை அந்த மாநிலத்தின் சட்டத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.